கழிவுநீர் மறுபயன்பாட்டுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்தம் செய்து புல்தரைக்குத் தெளிக்கும் திட்டம் இது. நாலே கால் லட்சத்தில் முடியும் என்று பொதுக்குழுவில் சொன்ன வேலை 6,80,000 ரூபாயில் முடிந்திருக்கிறது. அந்த 2,55,000 எங்கே போனது என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டவர்களுக்கும், கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

முதல் ஒப்பந்ததாரர் கொண்டுவந்தது குடிநீருக்கான புற ஊதா விளக்குக் கருவி. தெளிந்த தண்ணீரில் கிருமியை முடக்கச் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் ஒளியாற்றல் போதும். நம்முடையது கழிவுநீர், மணல் வடிகட்டியைத் தாண்டியும் இளம் டீ நிறம் போகாது. பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கிருமியை முடக்கும் 254 நானோமீட்டர் ஒளியில், ஒரு சென்டிமீட்டர் தண்ணீரைக் கடந்து வந்தது 58 சதவீதம்தான். ஒப்பந்ததாரர் கணக்குப் போட்டிருந்ததோ 95 சதவீதத்துக்கு. மணலில் வடிகட்டிய கழிவுநீருக்கு அமெரிக்காவின் தேசிய நீர் ஆராய்ச்சி நிறுவன வழிகாட்டி 100 மில்லிஜூல் கேட்கிறது. அதையும் புது விளக்கை வைத்துக் கணக்கிடக் கூடாது. விளக்கு பழசாகி, அதைச் சுற்றியுள்ள கண்ணாடி உறையில் அழுக்கேறிய பிறகும் அந்த அளவு கிடைக்க வேண்டும்.

"லைட் எரியுதுல்ல சார், கிருமி செத்துடும்" என்றார் ஒப்பந்ததாரர். மூன்று கூட்டம், இரண்டு கடிதம். கடைசியில் முன்பணத்தில் 30,000 போனது. அந்தப் பணத்தை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தது செயற்குழுதான். பிள்ளைகள் உருண்டு விளையாடும் புல்தரையில் தெளிக்கிற தண்ணீர் இது. குளோரின் மட்டும் போதாதா என்றார்கள் சிலர். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரினுக்கு லேசில் அசையாது, புற ஊதாவுக்கு அடங்கும்.

பெரிய கருவிக்குக் கூடுதலாக 1,60,000. சோதனை ஓட்டத்தில் மூன்றே வாரத்தில் விளக்கின் குவார்ட்ஸ் கண்ணாடி உறையை உருவிப் பார்த்தோம். காட்பாடித் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. சிட்ரிக் அமிலத்தில் நனைத்த துணியால் துடைத்த பிறகே கண்ணாடி தெரிந்தது. தானாகத் துடைக்கும் அமைப்புக்கு 45,000. கரண்ட் போய் வந்தால் விளக்கு சூடேறச் சில நிமிடம் ஆகும். அதுவரை தண்ணீரைப் பழைய தொட்டிக்கே திருப்பும் வால்வுக்கு 20,000.

தொட்டி, குழாய், பெயின்ட் வேலைகள் முடிந்தன.

நன்கொடை: பி பிளாக் தலைமையாசிரியை அம்மா, மூன்றாம் மாடி ராணுவக்காரர் ஐயா, மருந்துக்கடை அண்ணன், தையல் அக்கா, பெயர் வேண்டாம் என்ற நான்கு வீடுகள். திறப்பு நாளுக்கு ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்த ஏ பிளாக் இளைஞர்களுக்கும் நன்றி.

விளக்கை சுமார் 9,000 மணி நேரத்தில் மாற்ற வேண்டும். ஓராண்டுக்குச் சற்றுமேல் வரும். அதற்காக அடுத்த மாதம் முதல் வீட்டுக்கு 50 ரூபாய். ரசீதுகள் காவலர் அறையில் உள்ளன.

செயற்குழு