பொம்மை ஊருக்கு இன்னொரு முறை போய் வா

அல்சூர், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் சளி விட்டதா? போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது. இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் நீ அனுப்பிய படங்களைப் பற்றித்தான். ஜப்பானில் நீ இருக்கிற தகாமட்சுவிலிருந்து ஆபீஸ்காரர்களோடு வேன் பிடித்து, இலை சிவக்கிற அழகைப் பார்க்க இயா பள்ளத்தாக்குக்குப் போனீர்கள். வழியில் நாகோரோ என்று ஒரு மலைக் கிராமம். பஸ் ஸ்டாப்பில் பொம்மை, வயலில் மண்வெட்டியோடு பொம்மை, மூடிக் கிடக்கும் பள்ளிக்கூடத்துக்குள் வகுப்பு நிறையப் பொம்மை. "பேய் ஊர் மாதிரி இருந்துச்சுப்பா, பத்து நிமிஷத்துல கிளம்பிட்டோம்" என்று எழுதியிருந்தாய். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து அந்த ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

அந்தப் பொம்மைகளைச் செய்பவர் அயானோ ட்சுகிமி என்கிற அம்மா. அந்த ஊரிலேயே பிறந்தவர். ஒசாகாவில் வாழ்ந்துவிட்டு, வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்ள 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பியிருக்கிறார். கொல்லையில் விதை போட்டார், முளைக்கவில்லை. பறவைகள்தான் கொத்தியிருக்க வேண்டும் என்று நினைத்து ஒரு சோளக்கொல்லைப் பொம்மை செய்தார். செய்யும்போது தன் அப்பாவின் சாயலில் செய்து, அப்பா மாதிரியே உடுத்தியும் விட்டார். வழியில் போன அக்கம்பக்கத்தார் அதை அவருடைய அப்பா என்றே நினைத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்களாம். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அதன் பிறகு ஊரில் யாராவது இறந்தால், யாராவது வெளியூர் போய்விட்டால், அவர்கள் இருந்த இடத்தில் ஒரு பொம்மை. இதுவரை 300க்கு மேல் செய்துவிட்டார். ஊரில் மிச்சம் இருக்கிற மனிதர்கள் முப்பது பேர்கூட இல்லை. பள்ளிக்கூடம் 2012இல் மூடியது. கடைசியாகப் படித்த இரண்டு பிள்ளைகள் தங்களைப் போலவே பொம்மை செய்து வைத்துவிட்டுப் போனார்கள். நீ அனுப்பிய வகுப்பறைப் படத்தில் அந்த இரண்டு பேரும் இருப்பார்கள். யார் என்றுதான் தெரியவில்லை, நானும் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று சொல்கிறேன். உன் தாத்தா கிருஷ்ணகிரிப் பக்கம் கொல்லையில் கடலை போட்ட காலத்தில், அங்கே நிற்கும் பொம்மைக்குத் தன்னுடைய பழைய காக்கிச் சட்டையைத்தான் மாட்டுவார். புதுச் சட்டை வந்தால் பழையது பொம்மைக்கு. அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் நான் மட்டும் கொல்லைக்குப் போனேன். கடலை பிடுங்கி முடித்த வெறும் நிலம். நடுவில் அந்தச் சட்டை. வைக்கோல் சரிந்து ஒரு தோள் இறங்கியிருந்தது, தாத்தா நிற்கிற மாதிரியே. கிட்டே போய்ச் சட்டைப்பையில் கை விட்டேன். மழையில் ஊறிக் காய்ந்துபோன பீடிக்கட்டுத் தாள் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தேன். என் இரும்புப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

பாப்பா, நீ அங்கே போன இந்த எட்டு மாதத்தில் "லூசு ஊர்ப்பா" என்று எத்தனை படம் அனுப்பியிருப்பாய்? எல்லாவற்றையும் ரசித்தேன். ஆனால் ஒன்று உனக்குச் சொல்ல ஆசை. வினோதமாக எதைப் பார்த்தாலும், இங்கே யாருக்கு என்ன இல்லாமல் போனது என்று கேட்டுப் பார். பதில் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

ஓட்டல் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் சாப்பாட்டைப் பார்த்து நீ ஏமாந்துபோனதாக எழுதினாயே, அதைத் தொழிலாக வளர்த்தவர் இவாசாகி தகிசோ. கீஃபு பக்கம் குஜோ ஹசிமான் என்கிற சின்ன ஊர்க்காரர். உருகின மெழுகு தண்ணீரில் சொட்டிப் பூ மாதிரி விரிந்ததைச் சின்ன வயதில் பார்த்தது மனதில் நின்றுவிட்டதாம். மெழுகில் ஒரு ஆம்லெட் செய்தார். அவருடைய மனைவிக்கே நிஜ ஆம்லெட்டா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். 1932இல் ஒசாகாவில் கடை போட்டார். இன்றும் குஜோ ஹசிமானில் மெழுகில் செய்து காட்டுகிறார்கள், நான் வீடியோவில் பார்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் வெள்ளை மெழுகை ஊற்றி, பக்கத்திலேயே பச்சையை ஊற்றி, விளிம்பைப் பிடித்து மெல்ல இழுத்துச் சுருட்டுகிறார் ஒருவர். தூக்கினால் லெட்டூஸ் கீரை! குறுக்கே வெட்டினால் உள்ளே அடுக்கடுக்காக இருக்கிறது. நம் வீட்டில் கரண்ட் போகும்போது நீ மெழுகுவத்தியைச் சாய்த்துக் கிண்ணத் தண்ணீரில் சொட்டவிடுவாய், அம்மா திட்டுவாள். அந்த ஊர்க்காரர் வீட்டில் யாரும் திட்டவில்லை போலிருக்கிறது. மொழி தெரியாத நீ, முதல் மாதம் அந்தக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டித்தானே சாப்பிட்டாய்?

பாதாள சாக்கடை மூடியில் பூவும் கோட்டையும் வரைந்திருக்கிறார்கள் என்று அனுப்பியதும் அப்படித்தான். 1980களில் ஊர் ஊராகச் சாக்கடை போட, செலவுக்குப் பயந்து ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அவரவர் ஊர்ப் பெருமையை மூடியில் வார்த்தால் மனம் இளகும் என்று அதிகாரிகள் யோசித்தார்கள்.

அந்தச் சதுரத் தர்பூசணி மட்டும் எனக்கு ஒட்டவில்லை. உன் ஊர்ப் பக்கத்து ஜென்ட்சுஜியில்தான் விளைகிறதாம். பிஞ்சைப் பெட்டிக்குள் வைத்து, கொடியிலேயே 18 சென்டிமீட்டர் கட்டையாக வளர்க்கிறார்கள். உருளாமல் ஃப்ரிட்ஜில் அடங்கட்டும் என்று யோசித்தது நல்ல யோசனைதான். ஆனால் பழுக்கும் முன்பே அறுத்துவிடுவதால் தின்ன முடியாது, பத்தாயிரம் யென் கொடுத்து அழகுக்கு வைப்பதோடு சரி. கடலை விதைத்த வீட்டுக்காரனுக்கு இது மனசு கேட்கவில்லை.

அங்கே சாப்பிடுகிற புளித்த சோயா, அந்த நாட்டோவைப் பற்றி நீ எழுதியதற்குத்தான் கொஞ்சம் வருத்தப்பட்டேன். "அழுகின சாக்ஸ்" என்று எழுதிவிட்டாய். நாலாம் வகுப்பு படிக்கும்போது நாம் குடியிருந்த வீடு நினைவிருக்கிறதா? அம்மா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று, வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்றுகொண்டு, "இது மனுஷங்க சாப்பிடுறதா?" என்று தெரு கேட்கக் கத்தினார். தட்டில் கை வைத்திருந்த நீ கையை எடுத்துவிட்டாய். அம்மா ஒன்றும் பேசாமல் சட்டியை மூடினாள். அடுத்த மாதமே வேறு வீடு பார்த்துப் போனோம். நம் வீட்டில் அதன் பிறகு ரொம்ப நாள் கருவாடு வாங்கவில்லை, உனக்காகத்தான். அதனால் இன்னொருவர் தட்டைப் பார்த்து அந்த வார்த்தை மட்டும் உன் வாயில் வர வேண்டாம், கண்ணு.

நாட்டோ என்பது வேகவைத்த சோயாவை வைக்கோலில் பொதிந்து புளிக்கவைத்ததில் பிறந்த சாப்பாடு. வைக்கோலில் இருக்கிற நுண்ணுயிர்தான் அந்த நூல் நூலான பிசுபிசுப்பைக் கொடுக்கிறது. கிழக்கே மித்தோ பக்கம் அதற்குப் பேர்போனது. நீ இருக்கிற மேற்குப் பக்கத்து ஜனங்களிலேயே நிறையப் பேர் அதைத் தொடமாட்டார்களாம், அதனால் பிடிக்கவில்லை என்றால் தப்பில்லை. ஐஸ்லாந்தில் ஒரு சுறா உண்டு, பச்சையாகத் தின்றால் விஷம். அதைச் சரளைக்குழியில் புதைத்து, மேலே கல் ஏற்றி, வாரக்கணக்கில் நீர் வடியவிட்டு, பிறகு மாதக்கணக்கில் கொட்டகையில் தொங்கவிட்டுத் தின்கிறார்கள். அமோனியா நெடி மூக்கைத் துளைக்குமாம். பயிர் விளையாத குளிர்த் தீவில் கையில் அகப்பட்ட மீனை விட்டுவிட முடியுமா? கருவாடும் அதே கதைதானே.

உன் ஆபீஸ் பெண் கேட்டாள் என்றாயே, இட்லி அரிசியில்தான் செய்வீர்களா என்று. அவளுக்கு ரவா இட்லிக் கதையைச் சொல். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வரும் அரிசி நின்றது. பெங்களூரில் அரிசிப் பஞ்சம். அப்போது லால்பாக் பக்கத்து எம்.டி.ஆர். ஓட்டல்காரர்கள் ரவையில் இட்லி வார்த்துப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். இன்று காலை நம் வீட்டிலும் அதுதான், முந்திரி ஒன்று நடுவில் வைத்து. அந்தப் பெண்ணோடு நீ அடுத்த முறை வரும்போது அந்த ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நவோஷிமாத் தீவில் கடலோரம் இருக்கும் மஞ்சள் பூசணிக்காய்ச் சிற்பத்தைப் பார்க்க ஜனங்கள் கப்பலேறிப் போவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டாய். அதைச் செய்த கலைஞர் யாயோய் குசாமா நாற்றுப் பண்ணை வைத்திருந்த வீட்டுப் பெண். சின்ன வயதிலேயே கண்முன் புள்ளி புள்ளியாகத் தோன்றும், பூ பேசுகிற மாதிரி இருக்கும். அந்தப் பயத்தை வரைந்து வரைந்தே கடந்தவர். 1977இலிருந்து டோக்கியோவில் மனநல மருத்துவமனையில் தானாகவே தங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் கூடத்தில் வேலை செய்தார். 2021 ஆகஸ்டில் புயல் அந்தப் பூசணியைக் கடலுக்குள் இழுத்து உடைத்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் புதிதாகச் செய்து அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் ஆயுத பூஜை அன்று தெருத்தெருவாகப் பூசணியை நாமே உடைக்கிறோம், அதுவும் பயம் போகத்தான்.

நம் ஊர்க்காரர்களும் குறைந்தவர்கள் இல்லை. 2015இல் சுல்தான்பாளையத்தில் ரோட்டுப் பள்ளத்தில் ஓவியர் பாதல் நஞ்சுண்டசுவாமி ஃபைபர் முதலையை விட்டாரே, நாம் இருவரும் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தோம். பச்சைத் தண்ணீரில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சீக்கிரமே பள்ளத்தை மூடிவிட்டார்கள், முதலைக்குத்தான் பயந்தார்கள்.

போன திங்கட்கிழமை பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷை, அந்தக் கடலைத் திருவிழா. கார்த்திகைக் கடைசித் திங்கள். கடலைக் கொல்லையில் புகுந்து தின்ற காளைக்கு முதல் விளைச்சலைக் கொடுக்கிறோம் என்று அந்தக் காலத்து விவசாயிகள் வேண்டிக்கொண்டதாகக் கதை. திருட வந்ததற்கே படையல் போடுகிற ஊர் இது. நானும் அம்மாவும் கூட்டத்தில் நடந்து, இரண்டு சேர் வறுத்த கடலை வாங்கினோம். உனக்கு ஒரு பொட்டலம் தனியாகக் கட்டியிருக்கிறேன், பார்சல் போடுகிறேன்.

ஏரிக்கரை தர்ஷினி ஓட்டலில் கேஷியர் இன்னமும் என்னைப் பார்த்ததும் "பை டூ?" என்று கேட்கிறார். நீ பத்தாவது படிக்கும்போது டியூஷன் முடிந்து நாம் ஒரு காபியை இரண்டு டம்ளரில் குடிப்போமே, அதே ஞாபகம். எனக்கும் சர்க்கரை இருப்பதால் முழுக் காபி கூடாது. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் தினமும் அங்கே வருகிறார். இப்போது அவரும் நானும் பை டூ. அவருடைய மகன் கனடாவில். டம்ளரை எடுக்கும்போது இரண்டு பேரும் பேச மாட்டோம். குடித்து முடித்த பிறகுதான் பேச்சு.

இந்தக் குளிர் போனதும் நாகோரோவுக்கு இன்னொரு தடவை போ. வேன் வேண்டாம், பஸ்ஸிலேயே போ. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கும் பொம்மைகள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். அந்த அம்மா இருந்தால் குனிந்து வணக்கம் சொல்லு, அவருக்கும் கொஞ்சம் கடலை கொடு. அந்த முதல் பொம்மை, அப்பாவின் சாயலில் செய்தது, இப்போது எங்கே என்று எனக்காகக் கேட்டுவிட்டு வா.

அம்மாவும் ஒன்று கேட்கச் சொன்னாள். மழை வந்தால் அந்தப் பிள்ளைகளை உள்ளே எடுத்து வைப்பது யார் என்று.

அன்புடன்,
அப்பா