எந்த மட்டக்குதிரையை வாங்குவது?

அன்பு மகள் மீனாவுக்கு,

நீ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன். பாப்பா ஆசைப்படுகிறாள் என்று அந்த வெள்ளை கானமரா போனிக்கு (போனி என்றால் மட்டக்குதிரைதான்) இப்போதே முன்பணம் கொடுத்துவிடாதே. குறை சொல்ல முடியாத ஜாதிதான். அயர்லாந்தின் மேற்குக் கரையில் கல்லும் சதுப்புமான நிலத்தில் வளர்ந்தது, நன்றாகத் தாண்டும். ஆனால் வளர்ந்த கானமரா பெரும்பாலும் 13 கைக்கு, அதாவது 52 அங்குல உயரத்துக்கு மேல் நிற்கும். நீ பார்த்த வெள்ளை, போட்டியில் பெரிய போனிப் பிரிவுக்குத்தான் போகும் போலிருக்கிறது. அங்கே தாண்ட வேண்டிய தடை மூன்றடி வரை உயரும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது இப்போது எதற்கு?

அமெரிக்காவில் 12.2 கை வரை சிறியது, 13.2 வரை நடுத்தரம், 14.2 வரை பெரியது. ஒரு கைக்கு நான்கு அங்குலம், புள்ளிக்குப் பின்னால் வருவதும் அங்குலம்தான். அதனால் 13.2 என்றால் பதிமூன்றரைக் கை, அதாவது 137 செ.மீ. பாப்பாவுக்கு நடுத்தரம் போதும்.

பாப்பா போகும் ஹன்டர் போட்டியில் குதிரை ஓடித் தடை தாண்டும் அழகைத்தான் பார்ப்பார்கள், வேகத்துக்கு மதிப்பில்லை. முழங்காலைத் தூக்காமல், தரையை ஒட்டி நீளமாகக் கால் வீசி, ஒரே சீராக ஓட வேண்டும். தாண்டும்போது மட்டும் இரண்டு முழங்காலும் ஒன்றுபோல மேலே வர வேண்டும். ஹாக்னி ஜாதி கம்பீரமாக இருந்தாலும் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், அது வண்டிக்குத்தான் சரி. ஷெட்லாண்டு ஜாதிக்கோ காலடி குட்டை. தடைகளுக்கு நடுவே குறித்திருக்கும் காலடிக் கணக்குக்குள் முடிக்கத் திணறும்.

என்னைக் கேட்டால் வெல்ஷ் பி என்ற ஜாதி, இல்லையென்றால் அதன் கலப்பு. வேல்ஸ் மலைப் போனியின் உறுதியோடு அரபுக் குதிரை, தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை ரத்தமும் சேர்ந்தது. ஓட்டத்தில் அந்த நீளம் தெரியும். பத்து வயதுக்கு மேற்பட்ட, போட்டி பார்த்துப் பழகிய குதிரையாகத் தேடு. குட்டியும் பிள்ளையும் சேர்ந்தே கற்றுக்கொள்ளட்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. விழுவது பிள்ளைதான்.

எந்த ஜாதியானாலும் குளம்பைப் பார். இந்த மலைப் போனிகள் சத்துக் குறைந்த புல்லில் பிழைத்தவை. வசந்தகாலப் பச்சைப் புல்லில் விட்டால் கொழுத்து, குளம்புக்குள் வீக்கம் வந்து நொண்டும். லாமினைட்டிஸ் என்று எழுதியிருப்பார்கள். முன்பு வந்ததா என்று நேராகவே கேள்.

பாப்பா அந்த வெள்ளையைத்தான் கேட்டு அடம்பிடித்தால் மரபணுச் சோதனை செய்யாமல் வாங்காதே. கானமராவில் குளம்புச் சுவர் பிளந்து பிரியும் பரம்பரை நோய் உண்டு. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய் வரும். அதனால் பெற்றவை நன்றாக ஓடின என்று விற்பவர் சொல்வதில் அர்த்தமில்லை. ரோமத்தை வேரோடு பிடுங்கி அனுப்பினால் முடிவு தெரிந்துவிடும்.

அப்புறம், வாங்குமுன் அங்கே குதிரை டாக்டர் எடுக்கும் எக்ஸ்ரே படங்களை வாட்ஸப்பில் போடாமல் மெயிலில் அனுப்பு. வாட்ஸப்பில் படம் சுருங்கிவிடுகிறது, எலும்பின் ஓரம் தெரிவதில்லை.

அன்புடன்,
அப்பா