அண்ணாச்சிக்கு, ரயிலில் சொல்லாமல் விட்டது

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்களிடம் போன் இல்லை, பேரன்தான் செல்போனில் எதையாவது படித்துக் காட்டுவான் என்று ரயிலில் சொன்னீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தம்பி, தாத்தாவுக்கு நிறுத்தி நிதானமாகப் படி. நடுவில் எதையும் விட்டுவிடாதே.

அன்று நான் பாம்பனில் ஏறினேன். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றுபோனதிலிருந்து வேன், பஸ் என்றே பழகிவிட்டேன். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகும் எனக்கு அதுதான் முதல் பயணம். வண்டி பாலத்தில் ஏறியதும் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலுக்குப் போய்விட்டார்கள். எதிர் சீட்டில் இருந்த பெரியவர் மட்டும் கடலையும் பார்க்கவில்லை, பாலத்தையும் பார்க்கவில்லை. என் துணிப்பையைப் பார்த்தார்.

"வடகடல் நெத்திலியா, தென்கடலா?"

"தென்கடல்" என்றேன். மன்னார் வளைகுடாப் பக்கம் பிடித்த நெத்திலிக் கருவாடு, மாதிரிக்கு எடுத்துப்போன சரக்கு அது. நீங்கள் கையை நீட்டினீர்கள். ஒன்றை எடுத்துக் காதுப்பக்கம் கொண்டுபோய் ஒடித்தீர்கள். எனக்குத் தெரிந்து கருவாட்டைக் காதால் பார்க்கிறவர் ஒருவர்தான். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். தாடி நரைத்து, தோள் இறங்கி, ஆனால் நீங்கள்தான்.

"நம்ம தாயியா?" என்று கேட்டீர்களே, அதற்கு என்ன பதில் சொன்னேன் என்றே ஞாபகம் இல்லை.

உங்கள் வீட்டு அக்கா தவறி இரண்டு வருஷம் ஆகிறது, திதி கொடுக்கத்தான் ராமேஸ்வரம் வந்தேன் என்றீர்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை அண்ணாச்சி. மண்டியில் எத்தனை மத்தியானம் அக்கா போட்ட சோறு சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் புளிக்குழம்பின் ருசியில் இன்றுவரை நான் ஒரு குழம்பு வைத்ததில்லை.

2003இல் மண்டபம் ஊரில் இருந்த உங்கள் கருவாட்டு மண்டியில் தரம் பிரிக்கச் சேர்ந்தபோது எனக்கு 19 வயது. எழுதப் படிக்கத் தெரியும் என்று பேரேட்டைக் கையில் கொடுத்தீர்கள். நெத்திலி ஒடியும்போது சத்தம் வர வேண்டும், வளைந்தால் இன்னொரு வெயில் வேண்டும் என்று கற்றுக்கொடுத்தீர்கள். சீலா, பாரை என்றால் நடுமுள் ஓரத்தில் பெருவிரலை வைத்து அழுத்து, மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஏமாற்றும் என்பீர்கள். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தரையில் போட்டால் மணல் ஏறும் என்று, அந்தக் காலத்திலேயே வலை கட்டிப் பரணில் காயப்போட்டவர் நீங்கள்.

சுனாமிக்குப் பிறகு வந்த அந்த வாரங்களைப் பற்றி நாம் பேசியதே இல்லை. இலங்கை குறுக்கே நின்றதால் நம் பக்கம் பெரிதாக அடிபடவில்லை. ஆனால் கடல் மீன் என்றாலே ஜனங்கள் பயந்தார்கள். மதுரையில் இருந்து ஒரு சிப்பத்துக்குக்கூட ஆர்டர் இல்லை. குடோனில் நடக்க இடமில்லை. அப்படியும் பெண்கள் ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தபடி இருந்தார்கள். அது 2004 டிசம்பருக்கு முன்பே காயவைத்த சரக்கு. நீங்கள் ஒவ்வொருவருக்கும் நிறுத்து, அன்றைக்கே பணம் கொடுத்தீர்கள். கணக்கு எழுதியவள் நான். பணம் எவ்வளவு இறங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

"விக்காத சரக்கை எதுக்கு அண்ணாச்சி வாங்குறோம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சரக்கு கெடலையே தாயி. ஊரு பயந்திருக்கு, அவ்வளவுதான். அதுக்காக இவங்களைத் திருப்பி அனுப்ப முடியுமா?"

பயம் தெளிந்தது. அதற்குள் அடியில் இருந்த மூட்டைகள் நொறுங்கித் தூளாகிவிட்டன. பாதிக்கு மேல் கோழித்தீவனத்துக்குப் போனது. அந்த விலையை என் கையாலேயே பேரேட்டில் எழுதினேன்.

அப்புறம் 2006. அப்போதெல்லாம் மீன்பிடித் தடை 45 நாள்தான், இப்போது 61 நாள். தடைக்காலத்தில் இரண்டு வாரம் உங்களால் கூலி கொடுக்க முடியவில்லை. இன்னொரு மண்டியில் கூடுதலாகத் தருகிறோம் என்றார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று உங்களிடம் பொய் சொல்லிவிட்டுப் போனேன். அதுகூடப் பரவாயில்லை. போகும்போது உங்கள் பேரேட்டில் இருந்து மதுரைக் கடைக்காரர்கள் மூன்று பேரின் விலாசத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன் அண்ணாச்சி. புது முதலாளியிடம் அதைக் கொடுத்தேன். பிறகு நானே தனியாகத் தொழில் தொடங்கியபோது அதே கடைகளுக்குத்தான் முதல் சரக்கு போட்டேன். நீங்கள் மண்டியை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வந்து பார்க்கக் கால் வரவில்லை. பத்தொன்பது வருஷம் வரவில்லை.

உங்களுக்குத் தெரியாது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். ரயில் உச்சிப்புளியைத் தாண்டும்போது நீங்கள் சாதாரணமாக, விலை விசாரிப்பதுபோலக் கேட்டீர்கள்:

"அந்த மதுரைக் கடைக்காரங்க இன்னும் உன்கிட்டதான் எடுக்குறாங்களா?"

உங்கள் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாயைத் திறப்பதற்குள் ராமநாதபுரம் வந்துவிட்டது. பையை உங்கள் மடியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். எடுக்கிறார்கள். மூன்றில் ஒரு கடை மூடிவிட்டார்கள். மற்ற இரண்டும் மகன்கள் பார்க்கிறார்கள். அவர்கள் அப்பாமார் உங்களை நம்பியதால்தான் என் சரக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் செய்தது திருட்டு. மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

பாம்பனில் தென்கடல் ஓரமாக எனக்கு ஒரு கொட்டகை இருக்கிறது. ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். நாட்டுப்படகுக்காரர்களிடம் நெத்திலி எடுக்கிறேன். நாலு கிலோ பச்சை மீன் காய்ந்து ஒரு கிலோ தேறினால் சந்தோஷம், அது உங்களுக்குத் தெரியாததா. கொண்டுவருகிற சரக்குக்கு அன்றைக்கே பணம். எந்த மழையிலும் இதுவரை நாளைக்கு வா என்று ஒருத்தியிடமும் நான் சொன்னதில்லை.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஒருமுறை வாருங்கள் அண்ணாச்சி. பேரனையும் கூட்டி வாருங்கள். பாம்பன் ஸ்டேஷனுக்கு நானே வந்து நிற்கிறேன்.

ஒரு விஷயம் நிஜமாகவே கேட்க வேண்டும். ஒரு மாதமாகச் சீலாவில் முள்ளோரம் சிவப்புப் பூக்கிறது. உப்பைக் கூட்டிப் பார்த்தேன், போகவில்லை. தொட்டியில் பழைய உப்பைத் திரும்பப் போட்டதால் இருக்குமோ என்று ஒரு சந்தேகம். இரண்டு மீன் எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன். நீங்கள் அழுத்திப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள்
தாயி