மூடியைத் திறக்காமல் ஒரு சமையல்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். உங்கள் நலமும் அப்பாவின் நலமும் அறிய ஆவல்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "ஆளில்லாத வீட்டில் அடுப்பை எரியவிட்டுவிட்டா இருவரும் வேலைக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டீர்கள். அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அன்றிரவு நீங்கள் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று தெரிவதால், விவரமாகவே எழுதுகிறேன். நாங்கள் விட்டுப்போவது அடுப்பை அல்ல, ஸ்லோ குக்கர் என்ற மின்சாரப் பாத்திரத்தை.

காலை 7 மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால் மாலை 5 மணிக்குத்தான் திரும்புகிறேன். உங்கள் மருமகளுக்கு வாரத்தில் மூன்று நாள் மாலை நேர வேலை. குளிர்காலத்தில் நான் வருவதற்குள் இருட்டிவிடுகிறது. பிள்ளைகள் பசியோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வந்த புதிதில் இரண்டு மாதம் ரொட்டியும் முட்டையுமாகவே ஓடியது. வெந்நீர் வைப்பதைத் தவிர அடுப்படியில் ஒன்றும் அறியாதவனாக என்னை வளர்த்ததற்காக உங்களைக் குறை சொல்லவில்லை; சொன்னாலும் தவறில்லை.

அப்போதுதான் உடன் வேலை பார்க்கும் ஒருவர், தம் வீட்டில் சும்மா கிடந்த ஸ்லோ குக்கரைக் கொடுத்தார். இதில் தீ கிடையாது, அம்மா. வெளியே ஓர் உலோகக் கூடு, அதற்குள் கனமான பீங்கான் பாத்திரம், மேலே கண்ணாடி மூடி, அவ்வளவுதான். கூட்டுக்குள் சுற்றியிருக்கும் மின்கம்பி பாத்திரத்தைப் பக்கவாட்டிலிருந்து மெல்லச் சூடாக்குகிறது. எங்களுடையது 200 வாட், அதாவது பழைய குண்டு பல்பு மூன்று எரிகிற அளவு. பிரஷர் குக்கரைப் போல ஆவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதில்லை என்பதால் விசிலும் இல்லை, வெடிக்கும் என்ற பயமும் இல்லை. சமைப்பதற்கு 'லோ', 'ஹை' என்று இரண்டு நிலைகள் உண்டு. எதில் வைத்தாலும் கடைசியில் கொதிநிலையை ஒட்டிய ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் போய்ச் சேரும். ஹையில் 4 மணி நேரத்தில் வேகும் குழம்பு லோவில் 8 மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அதுதான் வித்தியாசம். வேலை நாளில் எங்களுக்கு லோதான் ஒத்துவருகிறது. சுவரை ஒட்டாமல், கல் மேடையின் நடுவில்தான் வைத்துவிட்டுப் போகிறோம். ஆகவே கவலை வேண்டாம்.

முதல் நாள் சமையலைக் கேட்டால் சிரிப்பீர்கள். அது ஒரு விடுமுறை நாள். அடுப்பில் வைப்பதுபோல் நான்கு கோப்பைத் தண்ணீரை ஊற்றி, கோழிக்கறியை அடியில் போட்டு, உருளைக்கிழங்கை மேலே பரப்பினேன். பிறகு, நீங்கள் செய்வீர்களே, அதைப்போல அரைமணிக்கு ஒருதரம் மூடியைத் திறந்து கிளறினேன். மாலையில் கறி நாராகப் பிரிந்து கிடந்தது, கிழங்கு பல்லுக்கு அகப்படவில்லை, குழம்போ கழுநீர்போல ஓடியது. இந்தப் பாத்திரத்தில் ஆவி பெரும்பாலும் வெளியே போவதில்லை. கண்ணாடி மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து, கனம் தாங்காமல் விளிம்புவரை வழிந்து, திரும்பக் குழம்பிலேயே இறங்கிவிடுகிறது. காய்கறியே போதுமான நீர் விடும். ஒருமுறை திறந்தால் இழந்த சூட்டை மீட்க இருபது நிமிடமாவது ஆகும். நான் அன்று பத்துமுறை திறந்தேன்.

ஸ்லோ குக்கரைக் கண்டுபிடித்த இர்விங் நாக்ஸன் என்பவரின் தாயார், தாம் பிறந்த லித்துவேனியாவில் யூதர்களின் ஓய்வு நாளுக்கு முந்தைய மாலையில் பாத்திரங்களை ரொட்டிக்காரரின் அடுப்பில் கொண்டுபோய் வைப்பார்களாம், அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே இரவெல்லாம் வேகுமாம் என்று மகனுக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையிலிருந்துதான் நாக்ஸன் இந்தப் பாத்திரத்தை உருவாக்கி, 1940-இல் காப்புரிமை பெற்றார். அம்மா சொன்னதைக் காதில் வாங்கிய பிள்ளைகளும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இப்போது என் முறை இதுதான். முதல் நாள் இரவே காய்களை நறுக்கி, கறியைக் கழுவாமல் தனிப் பாத்திரத்தில் போட்டு, இரண்டையும் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். காலையில் கிழங்கு, கேரட் போன்ற கெட்டிக் காய்கள் அடியில். அதன்மேல் எலும்போடு ஒரு கிலோ கோழித் தொடை. வதக்கிய வெங்காயம், பூண்டு, தக்காளி, உப்பு, மிளகு. தண்ணீர் ஒரே கோப்பை. பாத்திரம் பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மிஞ்சாமலும் இருக்க வேண்டும். கோழிக்கு லோவில் 6 மணி நேரம் போதும். அதன்பின் அது தானாகவே சூடு காக்கும் நிலைக்கு மாறிக்கொள்கிறது. பாலேடு சேர்ப்பதானால் கடைசி அரைமணியில்தான், முன்பே ஊற்றினால் திரிந்துவிடும். நெஞ்சுக்கறி வேண்டாம், சக்கையாகிவிடுகிறது. மலிவாகக் கிடைக்கும் முரட்டுக் கறிதான் இதில் ருசி. அதிலுள்ள சவ்வு மெதுவான சூட்டில் கரைந்து குழம்பைக் கெட்டியாக்குகிறது.

உறைந்து கல்லாக இருக்கும் கறியை மட்டும் நேராகப் போடவே கூடாது. இளஞ்சூட்டிலேயே நெடுநேரம் கிடந்து கெட்டுப்போகும் அபாயம் உண்டு.

அதைவிட முக்கியமானது ராஜ்மா. ஊறவைத்து அப்படியே போட்டுவிட்டால் எவ்வளவு எளிது என்று நினைத்தேன். நல்லவேளையாக உங்கள் மருமகள் தடுத்தாள். வேகாத சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. நான்கைந்து பயறே வாந்தியை வரவழைக்கப் போதும். ஸ்லோ குக்கரின் மிதமான சூடு அதை அழிக்காமல் போகலாம். எனவே குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் தளதளவென்று அடுப்பில் கொதிக்கவிட்ட பிறகே இதில் சேர்க்கிறோம். 10 நிமிடக் கொதி போதும் என்பார்கள். நாங்கள் அரைமணி விடுகிறோம். மசூர் பருப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டு கோப்பைப் பருப்புக்கு ஆறு கோப்பைத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறந்துவிடலாம்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான டப்பாக்களில் மாற்றிக் குளிர்பெட்டியில் வைக்கிறோம். மறுநாள் சூடாக்குவது அடுப்பில்தான், இதில் இல்லை. பகலில் மின்சாரம் போயிருந்து, எவ்வளவு நேரம் போனது என்று தெரியாவிட்டால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். ஒருமுறை கொட்டினோம், மனம் வரவில்லை.

நேற்று கதவைத் திறந்ததும் வாசனை வாசல்வரை வந்தது. பெரியவள் ஏற்கெனவே தட்டுகளை எடுத்து வைத்திருந்தாள். சின்னவன் மூடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் இறங்கும் நீர்த்துளிகளை எண்ணிக்கொண்டிருந்தான். திறக்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாளாம்.

நாளை ராஜ்மா. அதை ஊறப்போட்டுவிட்டுப் படுக்கப் போகிறேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்