முதல் பாடம் பிள்ளையின் பெயராக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் எழுதும் மொரீஷியஸ் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தை எங்கிருந்து தொடங்குவது என்பது குறித்து, தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையிலும், இப்போது ஐந்து வயதுப் பேரனோடு தினமும் மல்லுக்கட்டுபவள் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

உயிரெழுத்து பன்னிரண்டையும் முடித்த பிறகுதான் மற்றவை என்ற வழக்கத்தில் நானே ஊறியவள். ஆனால் 247 எழுத்துகள் கொண்ட அட்டவணையின் முன்னால் பிள்ளைகள் மலைத்து நின்றதையும், "அ"வின் சுழியிலேயே சலித்துப் பென்சிலைக் கீழே வைத்ததையும் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். என் பேரன் தேவனுக்கு வேண்டியிருந்தவை தே, வ, ன் என்ற மூன்றே எழுத்துகள்.

கேக் சுடும் தட்டில் ரவையைப் பரப்பி, முதலில் விரலால் எழுதச் சொன்னேன். விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைக்கிறோமே, அதே முறைதான்; ரவையில் கோடு இன்னும் தெளிவாக விழுகிறது, அவ்வளவே. அவன் "த" எழுதிவிட்டு அதற்குப் பின்னால் கொம்பைப் போட்டான். தவறு அவனுடையதன்று. பிரெஞ்சில் மெய்யை எழுதிய பிறகுதான் உயிர் வரும். தமிழில் ஒலிக்கும்போது பின்னால் வருகிற ஏகாரத்தின் இரட்டைக்கொம்பு எழுதும்போது முன்னால் வந்து நிற்கிறது. முதலில் கொம்பு தெரியும், பிறகு மாடு வரும் என்றேன். சிரித்தான்; மறுநாள் முதல் கொம்பு இடம் மாறவில்லை.

தாளுக்கு வந்தபோது "தேவ" என்பதை நான் எழுதி, "ன்" மட்டும் அவனுக்கு விட்டேன். அது பிடிபட்ட பிறகு "வன்" அவனுடையதாயிற்று, பிறகு முழுப்பெயரும். ஒவ்வொரு முறையும் பெயரை முடிப்பவன் அவனாகவே இருந்ததால் "முடியாது" என்ற பேச்சே எழவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து எழுத வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நகர்வது நம் கைதான், பிள்ளையின் கை சும்மா கூட வருகிறது. வெளிர் மஞ்சள் கிரேயானில் பெரிதாக எழுதி, தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தால், அதன் மேல் அவர்களே எழுதிப் பழகுவார்கள். இரண்டு சுழி "ன்"னா, மூன்று சுழி "ண்"ணா என்ற குழப்பம் சில நாள் இருக்கத்தான் செய்யும். அதற்காகச் சிவப்பு மையைத் தேட வேண்டாம்.

1998-இல் இங்கே வெளிவந்த மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளில் தமிழ் வரி இந்திக்குக் கீழே தள்ளப்பட்டபோது நம் சமூகம் திரண்டு குரல் கொடுத்தது. அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தமிழ் வரியைச் சட்டைப்பையில் சுமந்து திரியும் நம்மில் பலருக்குத் தம் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாது. காவடித் திருநாளன்று கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்குப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் கொடுக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது, பிள்ளையோடு சேர்ந்து இவர்களும் ரவைத் தட்டின் முன் உட்காரலாமே என்று தோன்றுகிறது.

தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் வாரம் ஒரு பெயரை, எழுதத் தொடங்கும் புள்ளியும் கோடு செல்லும் திசையும் தெரியும்படி, கால் பக்க அளவில் பெரிதாக அச்சிட்டு வெளியிட முடியுமா? முதல் வாரத்துக்கு, கொம்பும் சுழியும் அதிகம் இல்லாத "மாலா" போன்ற பெயர் பொருத்தமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்