மானியப் பட்டியலை ஊராட்சிச் சுவரில் ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அரசின் பிஎம் கிசான் விவசாயி உதவித் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக வாங்குகிற சிறு விவசாயி நான். சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் மானியம் வாங்கியிருக்கிறேன். அதனால், யார் யாருக்கு எவ்வளவு மானியம் போனது என்ற பட்டியலை ஊராட்சிச் சுவரில் ஒட்டுங்கள் என்று நான் கேட்பதைக் கிடைக்காதவனின் வயிற்றெரிச்சலாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2020-ல், கொரோனா நேரத்தில், எங்கள் தெருவுக்கு ஓர் ஆள் வந்தார். "கொரோனா பணம் வருது, ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் ஜெராக்ஸ் குடுங்க" என்று வீடு வீடாகக் கேட்டார். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத, சித்தாள் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்காவும் கொடுத்தார். பணம் வந்தது. பாதியை அந்த ஆள் கமிஷனாக எடுத்துக்கொண்டார். சில வாரம் கழித்து முழுப் பணத்தையும் திருப்பிக் கட்டச் சொல்லி அதிகாரிகள் வந்து நின்றபோதுதான், தன் பெயர் பிஎம் கிசானில் விவசாயி என்று பதிவாகியிருப்பதே அக்காவுக்குத் தெரிந்தது. காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துக் கட்டினார்.

தமிழ்நாடு முழுக்க இப்படித் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய்க்கு மேல் போயிருந்ததாக அரசே அப்போது சொன்னது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று மாவட்டம் மாவட்டமாக வெளிவந்தது. சிபிசிஐடி விசாரித்தது. நாடு முழுக்க 20 லட்சம் தகுதியற்றவர்களுக்கு 1,364 கோடி ரூபாய் போன கணக்கு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்ட பிறகு 2021-ல் வெளியே வந்தது. அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுகிறவர்கள்!

எங்கள் ஊரில் யாருக்கு எத்தனை சென்ட், யார் நிலத்தை யார் குத்தகைக்கு ஓட்டுகிறார் என்பது டீக்கடையில் உட்காரும் எல்லோருக்கும் தெரியும். பிஎம் கிசான் பணம் வாங்குகிறவர்களின் பட்டியலை ஒரே ஒரு நாள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால், அக்காவின் பெயரைப் பார்த்த முதல் ஆளே கேட்டிருப்பார். ஊராட்சியில் பட்டியலை வைக்க வேண்டும் என்று பிஎம் கிசான் விதியிலேயே இருக்கிறது. எங்கள் ஊராட்சிப் பலகையில் நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. கேட்டால், "எல்லாம் ஆன்லைன்ல இருக்கு, பாத்துக்கோங்க" என்கிறார்கள். சரி, இருக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் பெயர்கள் வரும். பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவர் அதை எங்கே போய்ப் பார்ப்பார்? அதுவும் எனக்குத் தெரிந்து இந்த ஒரு திட்டத்துக்குத்தான். பவர் டில்லர், சொட்டுநீர், வெள்ள நிவாரணம் யார் யாருக்குப் போனது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளத்தில் பயிரை இழந்த குத்தகைக்காரர் வெறுங்கையோடு நிற்க, நிவாரணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போனால், அது அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரிவதில்லை.

மானியத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு, பயனாளிகள் யார் என்பதை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. நூறு நாள் வேலையில் மண் சுமந்தவர்களின் கணக்கைச் சமூகத் தணிக்கை என்று கிராம சபையில் வாசித்தார்களே, விவசாய மானியத்தை ஏன் வாசிக்கக் கூடாது? ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ வேண்டாம். பெயர், நிலத்தின் அளவு, திட்டம், தொகை போதும்.

வருகிற கிராம சபைக்கு இதைத் தீர்மானமாக எழுதி எடுத்துப்போகிறேன். மற்ற ஊர் விவசாயிகளும் தங்கள் ஊரில் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். பட்டியலில் என் பெயரையும் நான் வாங்கிய தொகையையும் முதலில் வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
விழுப்புரம் மாவட்டம்.