கோழியைக் கழுவாதே

மன்னார்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயலுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மனம் வரவில்லை. உன் நலத்தை நீயாக எங்கே சொன்னாய்? வீடியோவில் தலைமுடியைக் கோதினாய். கைக்கடிகாரம் வழுக்கிக்கொண்டு முழங்கைப் பக்கம் போனது. "எடை குறைக்கிறேன்" என்றாய். இருபத்தொன்பது வருடம் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக ஏறி இறங்கியவளிடம் சொல்லும் பொய்யா அது? கண்ணுக்குக் கீழே விழுந்த குழியைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

அன்று போனில் பாதி நேரம் திட்டினேன், மீதி நேரம் அழுதேன். சொல்ல வேண்டியது எதையும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த வாரம் ஜெர்மனிக்கு, லைப்சிக் திரும்பும் உன் தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு டப்பா உப்பு நார்த்தங்காய். கஞ்சிக்கு அதை விட்டால் வேறு கிடையாது.

நீ சொன்னதில் என் தூக்கத்தைக் கெடுத்தது காய்ச்சலும் இல்லை, வயிற்றுப்போக்கில் ஒரே இரவில் பதினான்கு முறை எழுந்ததும் இல்லை. "நீ சொல்லிக்கொடுத்தபடி கோழியை மூன்று தண்ணீர் விட்டு அலசித்தானே அம்மா சமைத்தேன்" என்றாயே, அந்த ஒரு வரிதான்.

பரிசோதனையில் வந்த கிருமியின் பெயர் கேம்பிலோபேக்டர் என்றாய். ஜெர்மனியில் பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கில் அதற்குத்தான் முதலிடம். பெரும்பாலும் கோழி இறைச்சி வழியாக வருவது. வெந்த கறியில் அது இருந்திருக்காது. உள்வரை 70 டிகிரியில் இரண்டு நிமிடம் வெந்தாலே செத்துவிடும்; நம் வீட்டுக் குழம்பு கொதிக்கிற கொதியில் எங்கே பிழைப்பது? குழாயடியில் நீ அலசியபோது தெறித்த தண்ணீரில்தான் வந்திருக்க வேண்டும். உன் அறையில் அடுப்பும் தொட்டியும் ஒரே மேடை. பக்கத்திலேயே வெள்ளரிக்காயை நறுக்கி வைத்திருந்தாயாம். வெள்ளரிக்காய்க்குக் கொதி ஏது? அந்தக் கிருமி வயிற்றுக்குள் போனதும் கலக்காது. பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். வியாழக்கிழமை கழுவியது ஞாயிற்றுக்கிழமை படுக்க வைத்தது. இடையில் சனிக்கிழமை சாப்பிட்ட உணவுக்கடையை நீ சந்தேகப்பட்டாய். பாவம், அந்தக் கடைக்காரர்.

மஞ்சளும் கல்லுப்பும் போட்டு அலசு என்று என் அம்மா எனக்குச் சொன்னார், நான் உனக்குச் சொன்னேன். அம்மா கழுவியது கொல்லையில், கிணற்றடியில், இறகும் இரத்தமும் ஒட்டிய கோழியை. தண்ணீர் தெறித்தால் வாழைக்கன்றின் மேல் தெறித்தது. நானும் யோசிக்காமல் அதையே சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுவந்தேன். நீ லைப்சிக் வரை கொண்டுபோய்விட்டாய். ஊரில் எத்தனை தாய்மாருக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுத்தேன்! என் மகளுக்கு மட்டும் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இனிமேல் பொட்டலத்தைப் பிரித்து நேரே சட்டியில் போடு. ஈரம் இருந்தால் காகிதத்தில் ஒற்றி எடுத்துக் குப்பையில் எறி. கறிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவு.

டாக்டர் மருந்தே தரவில்லை என்று குறைப்பட்டாய். அவர் செய்தது சரி. பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாக அடங்குகிற நோய் அது. ஊரிலிருந்து நீ கொண்டுபோன ஆன்டிபயாடிக் அட்டையில் மூன்று மாத்திரையை விழுங்கிவிட்டு நிறுத்தினாயே, அதைத்தான் செய்திருக்கக் கூடாது. மிச்சத்தை ஏதாவது மருந்துக் கடையில் கேட்டு ஒழித்துவிடு.

பக்கத்து அறைப் பெண் வாசலில் கோலாவும் உப்புக் குச்சியும் வைத்துவிட்டுப் போனாள் என்றாய். அந்த ஊர்ப் பாட்டிகளின் கைவைத்தியமாம். அவள் நன்றாக இருக்கட்டும். ஆனால் கோலாவில் சர்க்கரை அளவுக்கு மீறி இருக்கிறது, உப்பு இல்லை. போக்கை அது இன்னும் கூட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே என்னோடு சேர்ந்து நீ ஒப்பித்த கணக்கு இது. சர்க்கரை ருசிக்காக இல்லை. குடலில் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போவது அதுதான்.

திலீப் மஹலநோபிஸ் என்ற டாக்டரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? 1971 வங்கதேசப் போரின்போது வங்காளத்து எல்லையில், பன்காவ் அகதி முகாமில் காலரா. ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோனது. உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கரைத்துப் பீப்பாய்களில் வைத்து, சொந்தக்காரர்களையே மொண்டு மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது. பயிற்சியில் இதைக் கேட்டபோது கரைசலைத்தான் வியந்தேன். இப்போது படுத்தால் அந்தச் சொந்தக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள், தலைமாட்டில் தம்ளரோடு உட்கார்ந்து. உன் தலைமாட்டில் யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் அடைப்பு என்றாய். பூட்டிய மருந்துக் கடையின் கதவிலேயே அன்று முறைக்கு எந்தக் கடை திறந்திருக்கிறது என்று ஒட்டியிருப்பார்களாம். நள்ளிரவில் டாக்டரிடம் கேட்க 116117 என்ற போன் எண் இருக்கிறது. இரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் விடாவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே கூப்பிடு. கூப்பிட்ட கையோடு எனக்கும் கூப்பிடு. இங்கே மணி என்ன என்று கணக்குப் பார்க்காதே.

"சொன்னால் நீ பயப்படுவாய்" என்றாய். ஆமாம், பயப்படுவேன். பயந்துகொண்டே அரை மணிக்கு ஒரு தரம் "குடித்தாயா?" என்று போனில் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சற்று முன்பு கோழி வாங்கி வந்தார். மஞ்சளையும் உப்பையும் எடுத்துக்கொண்டு தொட்டியருகே போனேன். கை தானாகக் குழாயைத் திறந்துவிட்டது. மூடிவிட்டு நின்றேன். "என்ன, இன்று கழுவாமலே போடப் போகிறாயா?" என்கிறார். காரணம் சொன்னால் உன் கதை முழுவதையும் சொல்ல வேண்டும். பேனாவை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டேன். உள்ளேயிருந்து இரண்டாவது முறையாகக் கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா